தமிழ்வழியில் படித்தவர் ஆங்கிலத்தில் முதலில் கற்க வேண்டிய வாக்கிய அமைப்புகள் எவை?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். மணலிப் பக்கம் உள்ள ஒரு கண்டெய்னர் யார்டில் ஏழு ஆண்டுகள், சரக்கை எண்ணிக் கணக்கு எழுதும் டேலி கிளார்க்காக வேலை பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். இந்த ஆண்டு என்னை டாக்குமெண்டேஷன் பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது வெளிநாட்டு ஏஜென்ட்களுக்கு நானே மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு கண்டெய்னர் எங்கள் கேட்டுக்கு வந்தபோதே அதன் கதவில் போட்டிருக்கும் சீல் உடைந்திருந்தது. நான் 'த கண்டெய்னர் கேம். த சீல் வாஸ் ப்ரோக்கன்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் காலை, உங்கள் யார்டில் சீலை உடைத்தது யார், யாருடைய அனுமதியில் உடைத்தீர்கள் என்று பதில் வந்திருந்தது. நான் எழுதியதில் தவறான சொல் எதுவும் இல்லை என்றே இன்னும் நினைக்கிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஒன்று, அவர்கள் படித்தது வேறொன்று. மேலாளர் தொலைபேசியில் பேசி விளக்கிவிட்டார். எழுத்திலும் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அதை எழுதும் பொறுப்பு என்னுடையது.

வண்ணாரப்பேட்டையில் ஒரு பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம் பணம் கட்டிப் படித்தேன். முதல் நாளே பன்னிரண்டு காலங்கள் கொண்ட அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். இன்றும் அதை வரிசையாகச் சொல்வேன், ஆனால் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் அந்த அட்டவணையில் எந்தக் கட்டத்துக்குப் போவது என்று தெரியாமல் விழிக்கிறேன். இலக்கண நூல் முழுவதையும் படித்து முடிக்க எனக்கு நேரமில்லை. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய அமைப்புகள் எவை, எந்த வரிசையில் கற்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

தம்பி, உங்கள் மின்னஞ்சலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

தமிழில் உடைந்தது, உடைத்தோம், உடைக்கப்பட்டது, உடைந்திருந்தது என்று நான்கு வடிவங்களைச் சொல்லிப் பாருங்கள். தானாக நடந்ததா, ஒருவர் செய்ததா, செய்தவர் பெயரை விட்டுவிட்டுச் சொல்கிறோமா, நாம் பார்க்கும் முன்பே நடந்து முடிந்திருந்ததா என்ற நான்கு வேறுபாடுகளையும் நாம் வினைச்சொல்லின் உள்ளேயே வைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'ப்ரோக்' என்ற ஒரே சொல் உடைந்தது என்பதற்கும் உடைத்தோம் என்பதற்கும் வரும். 'வாஸ் ப்ரோக்கன்' என்பது உடைக்கப்பட்டது என்ற நிகழ்ச்சியையும் குறிக்கும், உடைந்த நிலையில் இருந்தது என்பதையும் குறிக்கும். நீங்கள் 'கேம்' என்று ஒரு வாக்கியத்தை முடித்து, முற்றுப்புள்ளி வைத்து, அடுத்து 'வாஸ் ப்ரோக்கன்' என்று எழுதியதால், முதலில் வந்தது, பிறகு உடைக்கப்பட்டது என்ற வரிசையில் அவர்கள் படித்துவிட்டார்கள். உங்கள் மனத்தில் இருந்தது 'உடைந்திருந்தது'. அதிலுள்ள 'இருந்தது' என்ற பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவரும் வேலையை ஒரு துணைவினையோ 'ஆல்ரெடி' போன்ற ஒரு சொல்லோ செய்தாக வேண்டும்.

ஆகவே பன்னிரண்டு காலங்களை ஓரமாக வைத்துவிட்டு, எழுவாய், துணைவினை, முதன்மை வினை என்ற முதுகெலும்பை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. நாம் வினையின் வாலில் ஒட்டும் விகுதிகளின் வேலையை ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் நிற்கும் சின்னச் சொற்கள் செய்கின்றன. 'பீ', 'ஹேவ்', 'டூ' ஆகிய மூன்றும், அவற்றோடு 'வில்', 'கேன்', 'மஸ்ட்' போன்ற சிலவும் கையில் வந்துவிட்டால், காலம், எதிர்மறை, கேள்வி, செயப்பாட்டு வினை என நீங்கள் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவை எல்லாம் அந்த ஒரே இடத்தில் நடக்கும் மாற்றங்கள்தான் என்பது தெரியும்.

எழுவாயைப் பற்றி ஒரு சொல். 'வந்தேன்' என்றால் வந்தவர் யார் என்பது 'ஏன்' விகுதியிலேயே இருக்கிறது, நாம் 'நான்' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'மழை பெய்கிறது' என்பதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று, எதையும் குறிக்காத ஓர் 'இட்' முன்னால் நிற்க வேண்டும். அதுபோல 'அவர் சர்வேயர்' என்று பெயரையும் பெயரையும் அடுத்தடுத்து வைத்துத் தமிழில் வாக்கியத்தை முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் நடுவே 'இஸ்' இல்லாமல் வாக்கியம் நிற்காது. 'எனக்கு இரண்டு தம்பிகள்', 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்பவற்றை ஆங்கிலம் 'ஐ ஹேவ்', 'ஐ நோ', 'ஐ ஆம் ஹங்க்ரி' என்று எழுவாயாக்கிவிடும்.

அடுத்தது எதிர்மறை. நம் மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான், தமிழே மிக அழகாகக் கைகொடுக்கும் இடமும் இதுதான். 'வந்தது' என்பதன் எதிர்மறை 'வந்ததில்லை' என்று வருவதில்லை, அதற்குப் பொருளே வேறு. 'வர' என்ற எச்சத்தோடு 'இல்லை' சேர்ந்து 'வரவில்லை' என்றாகிறது. வினை தன் காலத்தையும் விகுதியையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் 'வர' என்று நிற்கிறது. 'டிட் நாட் கம்' என்பதிலும் 'கேம்' தன் இறந்தகாலத்தை 'டிட்' என்பதிடம் கொடுத்துவிட்டு வெறும் 'கம்' என்று நிற்கிறது. இதை ஒருமுறை உணர்ந்தவர் 'டிட் நாட் கேம்' என்று மறுபடி எழுத மாட்டார். கேள்வியிலும் இதே கதைதான். 'பார்த்தீர்களா' என்பதில் இறந்தகால அடையாளம் ஒன்றுதான் இருக்கிறது. 'டிட் யூ சீ' என்பதிலும் ஒன்றுதான், அது 'டிட்' என்பதில் இருக்கிறது.

ஆனால் 'வரவில்லை' ஓர் இடத்தில் நம்மைக் கைவிடும். நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை, இப்போதெல்லாம் வரவில்லை என்ற மூன்றுக்கும் தமிழில் சொல் ஒன்றே. ஆங்கிலத்தில் அவை முறையே 'டிட் நாட் கம்', 'ஹேஸ் நாட் கம்', 'டஸ் நாட் கம்'. உங்கள் தொழிலில் இதற்குப் பொருள் இருக்கிறது. டெலிவரி ஆர்டர் வரவில்லை என்று எழுதும்போது, இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் 'வீ ஹேவ் நாட் ரிசீவ்ட் த டெலிவரி ஆர்டர்' என்றே எழுத வேண்டும். 'டிட் நாட் ரிசீவ்' என்றால் அந்தக் கதை முடிந்துபோனது போன்ற தொனி வந்துவிடும்.

'ஹேவ்' சேர்ந்த வடிவத்தை எங்கே பயன்படுத்துவது என்று வகுப்பில் கேட்பவர்களுக்கு நான் ஊரிலிருந்தே எடுத்துக்காட்டுச் சொல்வேன். ராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. ஆண்டைச் சொல்லிவிட்டோம், முடிந்துபோன காலம், ஆகவே 'வாஸ் ஓபன்ட்'. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்திருக்கிறது என்று, எப்போது வந்தது என்பதைச் சொல்லாமல் இன்று நமக்கு அது கிடைத்திருப்பதை மட்டும் சொன்னால் 'த மெட்ரோ ஹேஸ் கம் டு விம்கோ நகர்'. அதையே 2021 பிப்ரவரியில் வந்தது என்று சொல்லும்போது 'ஹேஸ்' போய்விடும், 'கேம்' மட்டுமே நிற்கும். தமிழில் 'நேற்று வந்திருக்கிறார்' என்று சொல்வது முற்றிலும் சரி, நாம் பார்க்கவில்லை, பிறகுதான் தெரிந்தது என்ற பொருளை அது தரும். அந்தப் பழக்கத்தில்தான் நாம் 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். 'ஹேவ்' இருக்கும் வாக்கியத்தில் 'யெஸ்டர்டே' வேண்டாம்.

அட்டவணையில் மீதியுள்ளவற்றை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அன்றாட வழக்கத்தைச் சொல்லும் நிகழ்காலம், இப்போது நடப்பதைச் சொல்லும் தொடர் நிகழ்காலம், சாதாரண இறந்தகாலம், மேலே சொன்ன 'ஹேவ்', எதிர்காலத்துக்கு 'வில்', இரண்டு பழைய நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்று காட்டுவதற்கு எப்போதாவது 'ஹேட்' ஆகியவை உங்கள் மேசைக்குப் போதும். தமிழில் 'படிக்கிறேன்' என்பது முதல் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் அங்கே மட்டும் கூடுதல் கவனம் தேவை. அந்தத் தொடர் வடிவத்தை 'நோ', 'ஹேவ்', 'வாண்ட்' போன்ற நிலையைக் குறிக்கும் வினைகளில் போடக் கூடாது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று எழுதுவது நம்மூரில் அவ்வளவு பரவலாக இருப்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

பதில் 2: ராஜாஜி சாலை, ஷிப்பிங் அலுவலகப் பணியாளர்

ஐயா சொன்னது முழுவதும் உண்மை. நானும் இதே வேலையில் பதினைந்து ஆண்டுகளாக இருப்பதால், அலுவலகத்தில் தினமும் கண்ணில் படும் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

'எ', 'அன்' என்பதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதப் பழகியவருக்கு இதில் குழப்பமே வரக் கூடாது, விதி ஏறக்குறைய ஒன்றுதான். அடுத்து வரும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'அன்', இல்லையென்றால் 'எ'. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்ப்பவர் 'யூனிவர்சிட்டி'க்கு முன் 'அன்' போட்டுவிடுவார். தமிழில் எழுதிப் பார்ப்பவருக்கு அது 'யூ' என்று தொடங்குவது உடனே தெரியும். அதே முறையில்தான், ஒருவருடைய சரக்கே நிறைந்த கண்டெய்னரை 'அன் எஃப்சிஎல் கண்டெய்னர்' என்றும், பலருடைய சரக்கோடு சேர்ந்து போகும் சிறு சரக்கை 'அன் எல்சிஎல் ஷிப்மெண்ட்' என்றும் எழுதுகிறோம். ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். 'ஒன்வே' என்று நாம் எழுதினாலும் ஆங்கிலத்தில் அதன் ஒலி 'வன்வே', ஆகவே அதற்கு 'எ' தான். காதுதான் இங்கே நீதிபதி.

'த' என்பதை எங்கே போடுவது என்பது இதைவிடக் கடினம். அதை முழுமையாகக் கற்க ஆண்டுகள் ஆகும். வேலைக்குப் போதுமான அளவு சொல்வதென்றால், எதிரில் இருப்பவருக்கு எது என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் 'த', முதன்முறையாகச் சொன்னால் 'எ'. தமிழில் 'அந்த' என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்து, வாக்கியம் கெடாமல் இருந்தால் பெரும்பாலும் 'த' போடலாம்.

கால அளவுக்கு நான் பயன்படுத்தும் சூத்திரம் இது. 'மூன்று ஆண்டுகளாக' என்று 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2019 முதல்' என்று 'முதல்' வந்தால் 'சின்ஸ்'. தமிழில் 'மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்கிறோம், ஆனால் ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று 'ஹேவ் பீன்' வந்தாக வேண்டும். ஐயாவின் பட்டியலில் இந்த ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன், கடிதங்களில் இது அடிக்கடி தேவைப்படுகிறது.

கடைசியாக, வேண்டியதைச் செய்யுங்கள் என்ற பொருளில் 'டூ த நீட்ஃபுல்' என்று முடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் தம்பி. என்ன செய்ய வேண்டும் என்பதை 'குட் யூ ப்ளீஸ் செண்ட் த நியூ சீல் நம்பர் பை ஃப்ரைடே' என்பதுபோல நேராகக் கேட்டால் நேரான பதில் வரும். நம் 'அனுப்புங்கள்' என்பதிலுள்ள 'உங்கள்' தரும் மரியாதையை அங்கே 'குட் யூ ப்ளீஸ்' தருகிறது.

பதில் 3: காசிமேடு, மாலை வகுப்பு ஆசிரியை

இரண்டு ஐயாக்களும் சொன்னவற்றை மதிப்போடு ஏற்கிறேன், ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. இலக்கணத்தை விளக்கி விளக்கிச் சொல்வதால் மட்டும் வாக்கியம் கைக்கு வருவதில்லை என்பதை என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். அண்ணா, நீங்களே அதற்குச் சான்று. அட்டவணை மனப்பாடம், வாக்கியம் வரவில்லை.

ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட இடங்களில் சில பள்ளிகளில் நடத்திய திட்டத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன். அதில் இலக்கணப் பாடம் என்று தனியாக எதுவும் நடத்தவில்லை. வரைபடம், கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, ஆங்கிலத்திலேயே யோசித்துத் தீர்க்க வேண்டிய பணிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பொருளில் மனம் ஈடுபடும்போது அமைப்பு தானாகப் படியும் என்பது அவர் நம்பிக்கை. நானும் அதையொட்டி, கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் அட்டவணையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, தண்டையார்பேட்டையில் ஏறி ஏழு மணிக்குள் எண்ணூர் போக வேண்டியவர் எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்பேன். 'விச் ட்ரெய்ன் ரீச்சஸ் எண்ணூர் பிஃபோர் செவன்' என்று அவர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கிய பிறகு, 'ரீச்' என்பதோடு ஒட்டும் அந்த 'எஸ்' பற்றி நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஏன் 'ரீச்சஸ் டு எண்ணூர்' இல்லை என்று ஒரு சிறுமி கேட்டாள். 'எண்ணூருக்கு' என்று நாம் சொல்வதால் அங்கே 'டு' வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவதும் இதே வகைத் தவறு, நம் 'பற்றி' உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஆகவே அண்ணா, உங்கள் யார்டில் ஒவ்வொரு நாளும் நடக்கும் ஐந்து நிகழ்ச்சிகளை மாலையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'நேற்று காட்டுப்பள்ளியிலிருந்து வந்த கண்டெய்னர்' என்று தமிழில் முன்னால் வரும் பெயரெச்சம், 'த கண்டெய்னர் தட் கேம் ஃப்ரம் காட்டுப்பள்ளி யெஸ்டர்டே' என்று பெயருக்குப் பின்னால் போய்விடுவதை எழுதி எழுதித்தான் கை பழகும்.

பதில் 4: பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

அம்மா, நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்தத் திட்டத்தை வெளியிலிருந்து வந்தவர்கள் பின்னர் மதிப்பிட்டபோது, இலக்கண அமைப்பை நேராகச் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்புகளும், பணி வழியாகச் சோதித்த தேர்வில் திட்ட வகுப்புகளும் முன்னின்றன. எந்த வழியில் பழகினார்களோ அந்த வழியில் தேறினார்கள் என்று அதைப் படிக்கிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு உங்கள் வழி முழுதும் பொருந்தும். முப்பது வயதைத் தாண்டி, நாளைக்கே ஒரு விளக்கம் எழுத வேண்டியவருக்கு, தன் தமிழ் எங்கே ஆங்கிலத்தோடு சேர்ந்து நடக்கிறது, எங்கே பிரிகிறது என்பதை முதலில் காட்டிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். தினமும் ஐந்து வாக்கியம் என்பதை நானும் வழிமொழிகிறேன்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. 'வரவில்லை' என்பதற்கும் 'டிட் நாட் கம்' என்பதற்கும் உள்ள ஒற்றுமையைப் படித்துவிட்டு நேற்றிரவு வெகுநேரம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி நிலையத்தில் அந்த மூன்று மாதமும் தமிழை வெளியே விட்டுவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது விளக்கக் கடிதத்தை இப்படி எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

'வென் த கண்டெய்னர் அரைவ்ட் அட் த கேட் ஆன் டியூஸ்டே ஈவ்னிங், த சீல் வாஸ் ஆல்ரெடி ப்ரோக்கன். த சர்வேயர் டுக் ஃபோட்டோஸ் அட் த கேட். வீ ஹேவ் நாட் ஓபன்ட் த டோர்ஸ் சின்ஸ் எய்ட் டேஸ். இஃப் யூ வில் நீட் மோர் ஃபோட்டோஸ், வீ வில் செண்ட் தெம்.'

பதில் 5: பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

முதல் வாக்கியம் மிகச் சரியாக இருக்கிறது தம்பி. 'வென்' என்று தொடங்கியதால் இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே கணத்தில் வந்து நிற்கின்றன, 'ஆல்ரெடி' வந்ததால் உடைந்தது அதற்கு முன்பே என்பது உறுதியாகிறது. 'ஹேட் ஆல்ரெடி பீன் ப்ரோக்கன்' என்றும் எழுதலாம். அது வேறு யாரோ, வேறு எங்கோ உடைத்துவிட்டார்கள் என்ற நிகழ்ச்சியை அழுத்திச் சொல்லும். அதை நீங்கள் பார்க்கவில்லை, உடைந்த நிலையைத்தான் பார்த்தீர்கள். ஆகவே நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும்.

திருத்த வேண்டியவை இரண்டு. எட்டு நாட்களாக என்பதில் 'ஆக' இருக்கிறது, 'ஃபார் எய்ட் டேஸ்' என்று வர வேண்டும். ஆனால் அதைவிட 'சின்ஸ் இட் அரைவ்ட்' என்று, வந்தது முதல் திறக்கவே இல்லை என எழுதுவதே உங்களுக்குப் பாதுகாப்பு. நாட்களை எண்ணிச் சொன்னால், கடிதம் ஒரு நாள் தள்ளிப் போனாலும் கணக்கு மாறிவிடும். இரண்டாவது, 'இஃப்' பக்கத்தில் 'வில்' வேண்டாம். 'தேவைப்பட்டால் அனுப்புவோம்' என்று தமிழில் சொல்லும்போதும் எதிர்காலம் 'அனுப்புவோம்' என்பதில் மட்டுமே இருக்கிறது, 'பட்டால்' என்பதில் இல்லை. 'இஃப் யூ நீட் மோர் ஃபோட்டோஸ், வீ வில் செண்ட் தெம்' என்று எழுதுங்கள்.

சர்வேயர் எடுத்த படங்களில் நேரம் பதிவாகியிருந்தால் அவற்றை இப்போதே இணைத்து, 'ஐ ஹேவ் அட்டாச்ட் த ஃபோட்டோஸ்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எப்போது இணைத்தீர்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லை, கடிதத்தைத் திறக்கும்போது படங்கள் அங்கே இருப்பதுதான் தேவை, ஆகவே அங்கே 'ஹேவ்' பொருந்துகிறது.